முறையீடும் திருத்தமும்: ஊவா வரலாறு உணர்த்துவது

அதிகாரம் உடையோர் செய்த பிழையை அதிகாரம் இல்லாதோர் எடுத்துக்கூறுவதும், கூறியதற்கிணங்க அப்பிழை திருத்தப்படுவதும் எவ்வகைச் சமுதாயத்திலும் எளிதில் நிகழ்வன அல்ல. கருத்துரைக்கும் உரிமை எவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்பதை ஆராய்வோமாயின், அச்சமுதாயத்தின் அமைப்பே நமக்குப் புலனாகும். ஊவா மாகாணத்தின் வரலாற்றில், ஓராயிரம் ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை முதன்மையாகக் கொண்டு இவ்வுண்மையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, பதுளைத் தூண் சாசனம் கூறும் நிகழ்ச்சி. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர வாவிப் பகுதியில் கிடந்த இத்தூணை 1857ஆம் ஆண்டில் பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜோன் பெய்லி கண்டறிந்தார். பின்னர் அது பதுளை நகருக்குக் கொண்டுவரப்பட்டது. சிங்கள மொழியில் அமைந்த இச்சாசனம், கி.பி. 10ஆம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த நான்காம் உதயன் காலத்ததெனக் கொள்ளப்படுகின்றது. அரசன் மகியங்கனை விகாரைக்கு வந்திருந்தவேளை, ஹோபிட்டிகமை என்னும் சந்தையூரைச் சேர்ந்த வணிகரும் குடிகளும் அவன் முன்னிலையில் முறையிட்டனர். முன்னரே வகுக்கப்பட்டிருந்த விதிகளை அதிகாரிகள் மீறுகின்றனர் என்பதும், முறையற்ற வகையில் பொருள் பறிக்கின்றனர் என்பதுமே அவர்தம் முறையீடு. அதனைச் செவிமடுத்த அரசன் ஆணையிட, அவையோர் விதிகளை வகுத்துக் கல்லிற் பொறித்தனர். ஊரில் விற்கப்படும் பொருள்களுக்கன்றி ஊரைக் கடந்து செல்லும் பொருள்களுக்குச் சுங்கம் பெறலாகாது. அங்கீகாரம் பெறாத நிறைகளையும் அளவைகளையும் கையாளலாகாது. போயா நாளில் வணிகம் செய்வோர் மகியங்கனை விகாரைக்கு விளக்கெண்ணெய் அளித்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

இங்கு மூன்று கூறுகள் மனங்கொளத்தக்கன. முறையிடுவதற்கு ஓர் இடம் இருந்தது. கேட்டவருக்குத் திருத்தும் வலிமையும் கடப்பாடும் இருந்தன. திருத்தம் எவரும் காணத்தக்கதாக எழுதப்பட்டது. இவற்றுள் ஒன்று குறையினும் முறையீடு வெறும் புலம்பலாகவே முடிந்திருக்கும்.

இதே ஊவாவின் மலைச்சரிவுகளில் 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களும், அவற்றின் வீழ்ச்சிக்குப் பின் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்கு மேற்கூறிய மூன்றனுள் ஒன்றேனும் வாய்க்கவில்லை. தோட்டம் என்பது தனியாரின் நிலம். வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உள்ளே வரல் அரிது. உரிய முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. பெரட்டுக்களத்திற் பெயர் பதிவோரும், கொழுந்தை நிறுப்போரும், கடனைக் கணக்கிடுவோரும் பிறரே. கூடையின் பாரம் என்றும் இலையின் ஈரம் என்றும் இறாத்தல்கள் கழிக்கப்பட்டன. முழுநாள் உழைத்தவர்க்கு அரைப்பேர் போடப்படுவதும் உண்டு. அக்கணக்கில் தவறு கண்ட தொழிலாளி முறையிட வேண்டியதோ அக்கணக்கை எழுதியவரிடமே. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்லக் கடன் விவரம் தாங்கிய துண்டு வேண்டும் என்ற முறை 1921ஆம் ஆண்டு வரை நிலவியது. ஹோபிட்டிகமை வணிகர் நிறைகல்லைப் பற்றி அரசனிடம் பேச முடிந்தது. கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றிப் பேசத் தோட்டத் தொழிலாளிக்கு இடமிருக்கவில்லை.

இந்நிலையை மாற்ற முதன்முதல் முயன்றோருள் கோ. நடேசையர் தலையாயவர். 1920களிற் கொழும்பிலிருந்து அவர் நடத்திய ‘தேசபக்தன்’ இதழ், தோட்டங்களில் நிகழ்ந்த அநீதிகளை வெளியுலகுக்கு உணர்த்தியது. தோட்டங்களுள் நுழைவதற்கு அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டார் என்ற செய்தி பலராலும் கூறப்படுவது. எழுத்தறிவு அரிதாயிருந்த சூழலில், அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைப் பாடல்களாக்கிக் கூட்டங்களிற் பாடினார். முறையிடும் இடம் ஒன்றைத் தோட்டத்திற்கு வெளியே இவர்கள் உருவாக்கினர் எனலாம். ஆயின், கேட்போருக்குத் திருத்தும் கடப்பாடு இன்னும் ஏற்படவில்லை.

அக்கடப்பாட்டைத் தோட்டத்திற்குள்ளேயே ஏற்படுத்த முனைந்ததே நாம் நோக்கவுள்ள இரண்டாவது நிகழ்ச்சி. 1940ஆம் ஆண்டு சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவிய அக்காலத்தில், பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் இலங்கைச் சமசமாசக் கட்சியினரின் வழிகாட்டலில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்தாலோசித்தே நடப்பதாகத் தோட்டத்துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டவென ஆயுதத்துடன் வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பதும் வரலாறு. பின்னர் அடக்குமுறை வந்தது. கட்சித் தலைவர்கள் சிறை புகுந்தனர். சபை நீடிக்கவில்லை. எனினும், கூலி உயர்வைக் கேட்பதும், தோட்ட நடைமுறையிற் கருத்துரைக்கும் உரிமையைக் கேட்பதும் வெவ்வேறானவை. வேவெஸ்ஸ தொழிலாளர் இரண்டாவதனைக் கேட்டனர். சிறிது காலமேனும் பெற்றனர். இதுவே அப்போராட்டத்தின் தனிச்சிறப்பு.

இதன் பின்னர் வாக்குரிமை வழியாக எழுந்த நம்பிக்கையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பதுளை உள்ளிட்ட தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு எடையுடையதாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்தன. 1964இல் எழுதப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படுமென விடப்பட்டது. பகுக்கப்பட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஒரு பிழையைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது.

வரலாறு பயில்வோர் இங்கு இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். பதுளைத் தூணிலே நாம் படிப்பது வணிகரின் குரலையன்று. அவர்தம் முறையீட்டை அரசவை எழுதிக்கொண்ட வடிவத்தையே. தோட்ட வரலாற்றுக்குரிய சான்றுகளிற் பெரும்பாலானவையும் தோட்டத்துரைமாரின் சங்க அறிக்கைகள், அரசாங்க அறிக்கைகள், ஆங்கில இதழ்கள் ஆகியனவே. அவற்றைத் திருத்த நாட்டார் பாடல்களும் முதியோரின் நினைவுரைகளும் வேண்டும். ஆயின் அந்நினைவுரைகளும் ஒப்புநோக்கி ஆராயப்படல் வேண்டும். துரை எழுதிய கணக்கை ஐயுறும் நாம், நம்மவர் கூற்றென்பதற்காக ஒன்றை ஆராயாது ஏற்போமாயின், ஒரு பிழையின் இடத்தில் இன்னொரு பிழையை வைத்தவராவோம். சான்று காட்டித் திருத்துவதும், சான்று காட்டப்பட்டவிடத்துத் திருந்துவதும் ஆய்வாளனின் இரு கடமைகள்.

ஹோபிட்டிகமை மக்களின் முறையீட்டைக் கல் காத்தது. வேவெஸ்ஸ தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபைக்கு அத்தகைய தூண் இல்லை. அவர்கள் எதனைக் கேட்டனர், எவ்வாறு கூடினர், எவரைத் தேர்ந்தனர் என்பனவற்றைத் தேடித் தொகுத்தல் தமிழ் மாணவர் சமுதாயத்தின் பொறுப்பாகும்.