காணை வட்டாரத்தில் வீட்டுத் தையல்: ஒரு வரலாற்று நோக்கு

விழுப்புரத்துக்கு மேற்கே காணை ஒன்றியத்து ஊர்களில் தையல் மெஷின் இருக்கும் வீட்டில் ஒரே நாளில் மூன்று விதமான வேலை நடக்கும். காலையில் பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு விட்டுப்போன பட்டன் ஏறும். மதியம் பழைய சேலை கிழிபட்டு மிதியடியாகவோ தலையணை உறையாகவோ மாறும். மாலையில் அக்கம்பக்கத்தாரின் ஜாக்கெட் கூலிக்குத் தைக்கப்படும். தைப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் தாய்தான். இவை வழிவழியாக வந்த வீட்டுக்கலை போலத் தோன்றினாலும், பழந்துணியைச் செப்பனிடுவதைத் தவிர மற்றவையெல்லாம் கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் பள்ளி, மிஷன், வணிகம், அரசு ஆகியவற்றின் வழியே வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தவை. ஆசைக்குத் தைப்பதற்கும் கூலிக்குத் தைப்பதற்கும் நடுவே இங்கே எக்காலத்திலும் தெளிவான எல்லை இருந்ததில்லை.

தமிழகத்தில் தையல் தொழில் பழமையானது. சிலப்பதிகாரம் புகாரின் தொழிலாளர் வரிசையில் துன்னகாரரைச் சேர்க்கிறது. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலிலிருக்கும் யவனர் மெய்ப்பை அணிந்திருக்கின்றனர். ஆனால் இவை நகரத்தையும் படையையும் சேர்ந்த செய்திகள். வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்பட்டதால், கிராமத்து வீட்டுக்கு வெட்டித் தைக்கும் தேவை மிகக் குறைவு. ஊசியின் வேலை கிழிசலை மூட்டுவது, ஒட்டுப் போடுவது, இலவம் பஞ்சுத் தலையணையின் வாயைத் தைப்பது என்ற அளவில் நின்றது. கைக்குழந்தைக்கான கடுகுத் தலையணையும் இந்தக் கணக்கில் சேரும். துணிக்கு ஒரு வாழ்நாள் வரிசை இருந்தது. உடுத்திப் பழகி மிருதுவான பருத்திச் சேலை தூளியாகும், பிறகு குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்கள் அடங்கிய தென்னாற்காடு ஜில்லா துணிக்குப் புதிய இடமல்ல. அவுரிச் சாயமும் புதுச்சேரியிலிருந்து ஏற்றுமதியான நீலத்துணியும் இந்த வட்டாரத்தின் உழைப்பையே சார்ந்திருந்தன. சிறுவந்தாட்டில் பட்டு நெசவு இன்றும் நடக்கிறது. நெய்வதும் சாயமேற்றுவதும் தெரிந்த ஊர்களுக்குத் தையல் வந்த வழி வேறு. 1827-இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி சபைக் கன்னியர், பெண்பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் பூத்தையலைக் கற்பித்தனர். அவர்களின் பூத்தையல் கூடம் பிற்காலத்திலும் அந்த நகரின் அடையாளங்களுள் ஒன்றாக நீடித்தது. தெற்கே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820-களில் தொடங்கிய லேஸ் பின்னலும், இடையன்குடியில் எலிசா கால்டுவெல் நடத்திய லேஸ் வேலையும் இதே போக்கைச் சேர்ந்தவை. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்குத் திண்டிவனம் ஒரு நிலையமாக இருந்தது. அக்காலத்துப் பெண்கள் பள்ளிகளில் எழுத்தோடும் கணக்கோடும் தையலும் பாடமாக இருந்தது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்தபின் நூலும் துணியும் மலிவாக உள்ளூருக்கு வந்துசேர்ந்தன. நாகர்கோவில் லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது, கற்றவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. ஆகவே வீட்டுப் பெண்ணின் ஊசிவேலை தொடக்கத்திலேயே விலைபோகும் சரக்காகத்தான் கற்பிக்கப்பட்டது. ஓய்வுநேரக் கலை என்ற எண்ணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ரவிக்கை பரவியதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. சேலையைத் தைக்க வேண்டியதில்லை. ரவிக்கையைத் தைக்காமல் முடியாது. தையல்காரர் பெரும்பாலும் ஆண் என்பதால் பெண்ணின் உடம்பில் அளவு எடுப்பது சங்கடமான காரியம். அதற்கு ஊர் கண்டுபிடித்த வழி அளவு ஜாக்கெட். நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டால் போதும், டேப்புக்கு வேலையில்லை. கூலிக்குத் தைக்கும் பெண்கள் இன்றும் இந்த முறையை விடவில்லை. ஆயத்த ஆடை எவ்வளவோ மலிந்தும் ஜாக்கெட் மட்டும் தனித்தனி உடம்புக்கென்றே தைக்கப்படுவதால், வீட்டுத் தையலுக்கு இன்றும் சோறு போடுவது இந்த ஓர் உடுப்புத்தான்.

மெஷின் வந்த கதை உலகச் சந்தையோடு பிணைந்தது. எலியாஸ் ஹோவின் காப்புரிமை 1846-ஆம் ஆண்டினது, ஐசக் சிங்கரின் காப்புரிமை 1851-ஆம் ஆண்டினது. சிங்கர் நிறுவனம் 1877-இல் இலங்கையில் கால்பதித்தது. அதே காலத்தை ஒட்டி பம்பாயில் நஸ்ஸர்வாஞ்சி மெர்வாஞ்சி பட்டேல் அதன் முகவராக இயங்கினார். தவணை முறையில் விற்றதுதான் சிங்கரின் பெரிய உத்தி. முழுப்பணம் இல்லாத தையல்காரரும் மெஷினை வாங்க முடிந்தது. முதலில் மெஷின் ஏறியது கடைத்திண்ணையில். வீட்டுக்குள் வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1924-இல் ஜி. ராமச்சந்திரன் காந்தியிடம் எல்லா எந்திரங்களையும் எதிர்க்கிறாரா என்று கேட்டபோது, விலக்காக அவர் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்த கருவி அது என்பது காந்தியின் விளக்கம். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரனே பின்னர் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். சிங்கர் உண்மையில் எந்தக் காரணத்துக்காகச் செய்தார் என்பதில் வணிக வரலாறு அவ்வளவு கனிவாக இல்லை. ஆனாலும் கைராட்டினத்தின் பக்கத்தில் தையல் மெஷினுக்கு ஓர் இடம் கிடைத்ததற்கு இந்தப் பேச்சு பெரிதும் உதவியது.

1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் தொழிற்சாலை உஷா மெஷினைச் செய்யத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி கட்டுப்படவே உஷாவும் லூதியானாவில் செய்த மலிவு மெஷின்களும் சந்தையைப் பிடித்தன. தமிழ்க் குடும்பங்களில் பெண்ணின் சீர்வரிசையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பக்கத்தில் தையல் மெஷின் இடம்பெற்றது இதற்குப் பின்னரே. கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் 'தையல் கிளாஸ்' போவது பெண் வளர்ப்பின் ஓர் அங்கமானது. ஆயுதபூஜையில் கலப்பைக்கும் அரிவாளுக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் மெஷின் தலைக்கும் கிடைத்தன.

1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் தையலை ஒன்றிய அளவுக்குக் கொண்டுவந்தது. கிராம சேவிகாக்கள் மாதர் சங்கங்களில் சத்துணவு, சுகாதாரம் ஆகியவற்றோடு தையலும் சொல்லித் தந்தனர். பள்ளிகளில் தையல் ஆசிரியை என்ற பதவி நிலைபெற்றது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் பூவேலையும் தனித்தனிப் பாடங்களாயின. அந்த வகுப்பின் நினைவு பல வீடுகளில் ஒரு நோட்டாக இருக்கிறது. கெட்டித் தாளில் உள்ளங்கை அகலத் துணித்துண்டுகள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், காஜா, ஹெம்மிங் என்று மாதிரி போட்டுப் பெயர் எழுதியிருக்கும்.

நோட்டில் இல்லாத கலையும் ஒன்று உண்டு. அது வளரும் உடம்புக்குத் தைப்பது. சிறுமிக்குப் பாவாடை தைக்கும் தாய் அன்றைய உயரத்துக்கு வெட்டமாட்டாள். இரண்டு மூன்று விரற்கடை கூட விட்டு, அடி ஓரத்துக்கு மேலே வரிசையாக 'டக்' பிடித்துத் தைப்பாள். முதல் ஆண்டு அது அலங்காரம் போலத் தெரியும். அடுத்த பொங்கலுக்கு ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை கீழே இறங்கும். பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் பழைய நிறத்திலேயே ஒரு கோடாக நிற்கும். அதன்மேல் லேஸோ வளைவளைவான ரிக்ராக் நாடாவோ வைத்து மறைப்பார்கள். பக்கவாட்டிலும் உள்ளே தையல் விட்டிருக்கும், மார்பு பெருத்தால் பிரித்துவிடலாம். இடுப்பில் நிற்காத சின்னப் பிள்ளைக்குப் பாவாடையை மேல்சட்டையோடு சேர்த்துப் 'பாடி பாவாடை' ஆக்குவார்கள். அம்மாவின் பட்டுச் சேலை மகளின் பட்டுப்பாவாடையாகி, அடுத்த மகளுக்கும் இறங்கும். இந்தத் தையலில் அழகுணர்ச்சியையும் சிக்கனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. லேஸ் அழகுக்கு வைத்ததா, கோட்டை மறைக்க வைத்ததா என்ற கேள்விக்கு இரண்டுக்கும் என்பதே பதில்.

1970-களுக்குப் பிறகு நைலான், பாலியஸ்டர் சேலைகள் ஊர்களில் நிறைந்தபோது துணியின் பழைய வாழ்நாள் வரிசை அறுந்தது. வியர்வை குடிக்காத துணியைக் கைக்குழந்தைக்கு விரிக்க முடியாது, கரித்துணியாக்கினால் சூட்டில் உருகும். அதே சமயம் அது எளிதில் நைவதில்லை. ஆகவே அது வேறு உருக்கொண்டது: கீற்றுகளாகக் கிழித்துச் சடைபோலப் பின்னிய மிதியடி, சன்னல் திரை, தலையணை உறை. பிளாஸ்டிக் ஒயர் கூடையும் இதே பத்தாண்டுகளில் பெண்களின் மடியில் ஏறியது. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று பின்னலுக்குப் பெயர்கள் பிறந்தன. இவற்றை யாரும் வகுப்பில் படிக்கவில்லை. எதிர்வீட்டுக் கூடையை வாங்கிவந்து திருப்பிப் பார்த்தே கற்றார்கள்.

அரசு 1975-இல் தொடங்கிய இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இன்று சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கிறது. விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு 20 முதல் 40 வயதுக்குள் தையல் தெரிந்ததற்கான சான்றுடன் மெஷின் கிடைக்கும். சீரில் வந்த மெஷின் கணவன் வீட்டுச் சொத்தாகக் கருதப்பட்ட ஊரில், பெண்ணின் பெயரிலேயே வந்த மெஷின் சிறிய மாற்றமல்ல. இதைவிட ஆழமாகப் பாய்ந்தது சீருடைத் திட்டம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1985 முதல் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடையும் வந்தது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணை. துணி நெசவாளர் கூட்டுறவு அமைப்புகளிடமிருந்து வரும். சமூகநலத் துறையின்கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களில் அது வெட்டப்படும். உறுப்பினர்கள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துத் திருப்பித் தருவார்கள், உருப்படிக்குக் கூலி.

இதன் விளைவு நுட்பமானது. தன் பிள்ளைக்குப் பள்ளி உடுப்புத் தைக்கும் சுமை தாயிடமிருந்து இறங்கியது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கும் வேலை அவளுக்குக் கூலியாகத் திரும்பி வந்தது. வளர்ச்சிக்கு இடம்விட்டுத் தைக்கும் டக்குக்குச் சங்கக் கணக்கில் இடமில்லை, குறித்த அளவு வரிசைதான். பொருந்தாத சீருடையைப் பிடித்துப் போடுவதும் கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைப்பதும் வீட்டுக்கே மிச்சமாயின. புதிதாகத் தைப்பவள் என்ற நிலையிலிருந்து தாய் திருத்துபவளாக மாறியது இப்படித்தான். ஆயத்த ஆடை மலிந்ததையே வீட்டுத் தையல் சுருங்கியதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஏழை வீடுகளைப் பொறுத்தவரை சீருடைத் திட்டத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முயற்சி அடுத்த சில ஆண்டுகளில் தென்னாற்காட்டுக்கும் வந்தது. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானபின் குழுக்கடன் வாங்கி மெஷினுக்கு மோட்டார் பொருத்துவதும் ஓவர்லாக் மெஷின் வாங்குவதும் சாத்தியமாயின. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது, குஞ்சம் கட்டுவது ஆகியவை அதிக முதலீடு கேட்காத உபதொழில்களாகப் பரவின.

மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம் வேறொரு போக்கு. 1968-இல் நிறுவப்பட்ட ஆரோவில்லின் தையல் கூடங்களுக்குச் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களைக் கூட்டிவைத்து, வெட்டிமிஞ்சிய துணித் துண்டுகளில் விரல் நீளப் பொம்மைகளைச் செய்யக் கற்பித்தது. 'சுனாமிகா' என்று பெயர்பெற்ற அந்தப் பொம்மை விலைக்கு விற்கப்படவில்லை. பரிசாகவே கைமாறியது, நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்குக் கூலி போனது. கடலுக்குப் போக அஞ்சிய வீடுகளில் கைக்கு ஒரு வேலை கொடுப்பதே முதல் நோக்கம், வருமானம் அடுத்தது. சிறு கைவேலை மனத்துக்கு மருந்தாகவும் அமையும் என்பதை இந்த மாவட்டம் வெளிப்படையாகக் கண்ட இடம் இது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் தடை விதித்ததும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் பை தைக்கும் வேலையைக் குழுக்களுக்குக் கொண்டுவந்தன. இடையே 2020-இல் முகக்கவசம் தைக்கும் வேலை ஊர் ஊராக வந்து, ஓரிரு ஆண்டில் நின்றுபோனது. நிலைத்து வளர்ந்தது ஆரி வேலை. கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் சம்கியும் கோத்த கல்யாண ஜாக்கெட்டுக்கு, சாதாரண ஜாக்கெட்டைப் போலப் பல மடங்கு கூலி கிடைக்கிறது. கைபேசிக் காணொளியைப் பார்த்தே வெட்டக் கற்றவர்களும் ஏராளம்.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களில் தையலையும் சேர்த்தது. குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற அதன் அடிப்படையைத் தமிழக அரசு ஏற்க மறுத்து, 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொண்டுவந்தது. அதில் பரம்பரைத் தொடர்பு கேட்கப்படுவதில்லை. காணை வட்டாரத்துத் தாய்மார்களில் பெரும்பாலோர் தையலைப் பாட்டியிடம் கற்றவர்கள் அல்லர். தையல் கிளாஸிலும் சங்கத்திலும் எதிர்வீட்டுத் திண்ணையிலும் கற்றவர்கள் பரம்பரைச் சான்றுக்கு எங்கே போவார்கள் என்பது இந்த வட்டாரத்தில் நேரடியான கேள்வி.