‘நோன்’ என்னும் பெயரடை: பொறுத்தலில் பிறந்த வலிமை

முன்னுரை

பருமன் இன்றி உறுதி மட்டும் உடைய உடலைக் குறிக்க இன்றைய தமிழில் தனிப் பெயரடை வழக்கில் இல்லை. ‘ஒல்லி’, ‘ஒடிசல்’ என்பன மெலிவை மட்டும் சுட்டுகின்றன. ‘கட்டுமஸ்தான’ என்பது திரட்சியையும் உடன் கொண்டுவருகிறது. எனவே ‘முறுக்கேறிய’, ‘வைரம் பாய்ந்த’ போன்ற உருவகத் தொடர்களே கைகொடுக்கின்றன. பழந்தமிழில் வலிமையைப் பருமனோடு இணைக்காத பெயரடை ஒன்று இருந்தது. ‘நோன்’ என்னும் அச்சொல்லின் பொருள் எல்லையும் அதன் வரலாறும் இங்கு ஆராயப்படுகின்றன.

சொல்லும் அடியும்

‘நோன்மை’ என்பதற்குப் பொறுமை, வலிமை, தவம் ஆகிய பொருள்களை அகராதிகள் தருகின்றன. இவற்றுள் பொறுத்தலே அடிப்படைப் பொருளாகக் கொள்ளத்தக்கது. திருக்குறளின் தவம் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. அதன் முதற்குறள் (261) தனக்கு உற்ற துன்பத்தைப் பொறுப்பதை ‘நோன்றல்’ என்கிறது. 269ஆம் குறள் நோற்றலால் வரும் ஆற்றலைப் பேசுகிறது. பொறுத்தல் காரணமாகவும் வலிமை விளைவாகவும் ஒரே அதிகாரத்தில் அமைந்துள்ளன. ‘ஆற்றல்’ என்னும் சொல்லும் இவ்வாறே பொறுத்தல், வலிமை ஆகிய இரு பொருளையும் தாங்குகிறது. ஆதலின் ‘நோன்’ காட்டும் பொருள் வளர்ச்சி தமிழுக்குப் புதியதன்று.

பாட்டில் பயின்ற இடங்கள்

பத்துப்பாட்டில் இப்பெயரடை எவற்றோடு சேர்கிறது என்பது கருதத்தக்கது. நெடுநல்வாடையில் அது வேலின் காம்பைச் சிறப்பிக்கிறது (நோன்காழ்). காம்பு மெல்லிய பொருள். எறியும்போதும் தாக்கும்போதும் முறியாமையே அதன் வலிமை. சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியை இழுக்கும் எருது அவ்வடையைப் பெறுகிறது (நோன்பகடு). நெடுவழியில் பாரம் இழுத்துத் தளராமையே அதன் சிறப்பு. பருமையைச் சொல்லப் பழம்புலவர்க்கு வேறு சொற்கள் இருந்தன. தட, கய, நளி என்னும் உரிச்சொற்களுக்குத் தொல்காப்பிய உரியியல் பெருமைப் பொருள் கூறுகிறது. ‘நோன்’ அளவைச் சுட்டுவதன்று. சுமை ஏற்றும் குலையாத தன்மையைச் சுட்டுவது.

திருமுருகாற்றுப்படையின் ஓர் இடம்

திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் முருகனின் திருவடி ‘நோன்தாள்’ எனப்படுகிறது. அதற்கு முன் ‘மதனுடை’ என்னும் அடை நிற்கிறது. ‘மதவு’ என்பதற்கு மடன், வலி என்னும் இரு பொருளையும் உரியியல் கூறும். நச்சினார்க்கினியர் மடன் என்னும் பொருளை ஏற்று, அறியாமையை உடைக்கும் வலிமை மிக்க தாள் என உரைத்தார். ‘மதன்’ என்பதற்கு வலி என்றே பொருள் கொள்ளினும் தொடர் பொருந்தும். ஆனால் ‘நோன்’ என்பதற்கும் வெறும் வலி என்று உரைப்பின் கூறியது கூறலாகும். அடைந்தோரைத் தாங்குதல் அவ்வடியிலேயே சொல்லப்படுவதால், ‘நோன்’ என்பதைப் பொறுக்கும் உறுதி எனக் கொள்வது இவ்விடர்ப்பாட்டை நீக்குகிறது. மதன் எழுச்சியின் வலி. நோன்மை தாங்குதலின் வலி.

இலக்கண நிலையும் இதனோடு தொடர்புடையது. ‘நோன்மை’ என்பதன் விகுதி கெட்டு நின்றதாகக் கொண்டால் ‘நோன்தாள்’ பண்புத்தொகை. ‘நோன்’ என்பதை வினையடியாகக் கொண்டால் அது வினைத்தொகையாகி, பொறுத்த, பொறுக்கின்ற, பொறுக்கும் தாள் என முக்காலமும் விரியும். மரபு முன்னதையே தழுவுகிறது. எனினும் பொருளின் வேர் பின்னதில் தெளிவாகத் தெரிகிறது.

வழக்கு வீழ்ச்சி

பெயரடை வழக்கிழந்தபோதும் அடிச்சொல் மறையவில்லை. தமிழில் ‘நோன்பு’, மலையாளத்தில் ‘நோம்பு’, தெலுங்கில் ‘நோமு’, கன்னடத்தில் ‘நோம்பி’ என அது விரதத்தின் பெயராக நிலைபெற்றது. சமய வழக்கு பொறுத்தல் பொருளைத் தனதாக்கிக்கொண்டது. வலிமைப் பொருள் உரைகளிலும் அகராதிகளிலும் ஒதுங்கியது. வேற்காம்பையும் வண்டி எருதையும் சிறப்பித்த சொல் உண்ணாமையின் பெயரோடு உறவுடையது என்பதை இன்றைய வாசகர் எளிதில் உணர்வதில்லை.

முடிவுரை

சங்க நூல்களுக்கு உரையும் மொழிபெயர்ப்பும் செய்வோர் ‘நோன்’, ‘வல்’, ‘மதன்’, ‘உரம்’ ஆகியவற்றை ‘வலிய’ என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பின் அவற்றின் வேறுபாடுகள் அழிகின்றன. ‘நோன்’ வருமிடங்களில் அடைகொண்ட பொருள் எதைத் தாங்குகிறது என்று வினவுதல் வேண்டும். காம்பு தாக்குதலையும், பகடு பாரத்தையும், தாள் அடைந்தோரையும் தாங்குகின்றன. அவ்வினாவிற்கு விடை கிடைக்கும் இடங்களில் ‘வலிய’ என்பதைவிடத் ‘தளரா உறுதியுடைய’ என்பதே மூலத்திற்கு நெருங்கிய உரையாகும்.