120 லிட்டர் தண்ணீரின் பயணம்

மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதைக் கிழக்கே திருப்பியது. மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து, குமுளி மலைச்சாலையில் போகிற எல்லோரும் பார்க்கும் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கம்பம் பள்ளத்தாக்கெங்கும் ஓடுகிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பித்தான் விளைகிறது. ஊர்க் குடிநீருக்கும் பெரிய ஆதாரம் இதுவே.

ஆற்றுத் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ, பள்ளத்தாக்கின் நீர் போய்ச் சேரும் இடங்களில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் அறையும் ஒன்று. நிமிடத்துக்கு 500 மில்லி, நான்கு மணி நேரம்: ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர். வாரம் மூன்று தடவை என்றால் 360 லிட்டர். நாம் குடிக்கும் தண்ணீரைக் குடல் சலித்துத்தான் உள்ளே விடும். இங்கே தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு மட்டும்.

அதனால்தான் மணல் வடிகட்டி, கடினத்தன்மை நீக்கி, குளோரினைப் பிடிக்கும் கரி, கடைசியில் ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) என்று படிப்படியாகச் சுத்தம் செய்கிறார்கள். இதில் பிசகினால் எலும்பு வரை பாதிக்கும். 1970களில் இங்கிலாந்தின் நியூகாசிலில், குழாய்த் தண்ணீரில் இருந்த அலுமினியம் டயாலிசிஸ் நோயாளிகளின் எலும்பில் படிந்தது. எலும்புகள் தானாக முறிந்தன.

தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் எல்லாக் கழிவும் அதோடு போய்விடாது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பழைய வகைச் சவ்வுகள் வெளியே விடுவதில்லை. பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது மணிக்கட்டிலும் தோளிலும் கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளிலும் படிகிறது. படிவது இந்தப் புரதம்தான் என்று 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வட்டு அரித்து, முள்ளெலும்பு நகர்ந்து, நரம்பு நசுங்கும். தண்ணீரில் கிருமி நச்சு இருந்தால் உடலில் அழற்சி கூடி நிலைமை இன்னும் மோசமாகலாம்.

நரம்பு நசுங்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் அறுவை சிகிச்சை. டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தசோகை உண்டு. ரத்தம் எளிதில் உறையாது. எலும்பு திருகாணியைப் பிடிக்காத அளவு பலவீனம். தொற்றும் சீக்கிரம் வரும். கழுத்தையோ முதுகையோ நீளமாகக் கீறித் தசையை ஒதுக்கும் பழைய முறை இவர்களுக்குப் பெரிய சுமை. சுமார் 2 செ.மீ. துளையில் குழாயைச் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்த்து அழுத்தத்தை நீக்கும் முறையில் ரத்த இழப்பு குறைவு. நோயாளியும் சீக்கிரம் எழுந்து நடப்பார். எலும்பு பல மட்டங்களில் நொறுங்கியிருந்தால் இது போதாது.

சிறு துளை என்றாலும் ஏற்பாடு பெரிது. முந்தைய நாள் டயாலிசிஸ், பொட்டாசியம் சோதனை, குப்புறப் படுக்கவைக்கும்போது டயாலிசிஸ் ஊசி போடும் ரத்தநாள இணைப்பான ஃபிஸ்டுலா உள்ள கை நசுங்காமல் பார்த்துக்கொள்வது, பிறகு சில நாள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்து இல்லாத டயாலிசிஸ். சிறுநீரக மருத்துவரும் முதுகெலும்பு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டிய வேலை இது.

நெடுநாள் டயாலிசிஸில் இருப்பவருக்குக் கை மரத்தாலோ கால் தள்ளாடினாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. உடனே எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்க வேண்டும். அறுவை சிகிச்சை ஓரிரு எலும்புகளை மீட்கும். மற்ற எலும்புகளைக் காப்பது நல்ல சவ்வும், நாள்தோறும் சோதிக்கப்படும் ஆர்.ஓ. தண்ணீரும்தான். கத்திக்கு ஆகும் செலவைப் பேசும் நாம், அந்தத் தண்ணீர் அறைக்கும் அதே அக்கறையோடு பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்.