உறுதி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்

அம்மம்மாவின்ர காணி உறுதியில் நான்கெல்லை இப்படித்தான் இருக்கிறது: கிழக்கு ஒழுங்கை, வடக்கு சகோதரியின் காணி, மேற்கும் தெற்கும் இன்னாரின் உரித்தாளர்களின் காணி. விஸ்தீரணம் நாலு பரப்பு. படம் இல்லை. அந்த ஒழுங்கை இப்போது கார் போகிற ரோட்டு. சகோதரியின் பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு காணிக்குள்ள போய் நிண்டாலும், எது எல்லை எண்டு சொல்ல அங்க நிக்கிற கதியால்தான் சாட்சி. கதியால் நடக்கும். பெரும்பாலும் இரவில நடக்கும்.

ட்ரோன், ஜிபிஎஸ், செய்மதிப் படம் எல்லாம் வந்தால் காணி ஊழல் ஒழியும் என்று இப்போது அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எங்கட நாட்டில் காணியை அளந்த கதை இருநூறு வருசத்துக்கு மேல் பழசு. அதைப் பார்க்காமல் இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

‘தோம்பு’ என்ற சொல்லை எங்களுக்குத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் அந்தப் பதிவேட்டை இன்னும் விரிவாக்கி, ஆட்களுக்கு ஒன்று, காணிகளுக்கு ஒன்று என்று எழுதினார்கள். யாருடைய காணி என்பதில் அவர்களுக்கிருந்த அக்கறை, யாரிடம் வரியும் ஊழியமும் வாங்கலாம் என்பதில்தான். பிறகு பிரித்தானியர் வந்தார்கள். 1800 ஓகஸ்ட் 2இல் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது. இந்தத் தீவின் மிகப் பழைய அரச திணைக்களங்களில் அதுவும் ஒன்று. 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு சேவையர்மார் காடு மேடெல்லாம் திரிந்தார்கள்.

1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிர் செய்யாத காணி எல்லாம், வேறு ஆள் தனது என்று நிரூபிக்கும் வரைக்கும், முடிக்குரியது என்றே கொள்ளப்படும். நிரூபிக்கிற பாரம் சனத்தின் தலையில். மலைநாட்டுக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த, மாடு மேய்த்த நிலத்துக்கு எழுத்து எங்கே இருக்கப் போகிறது? அளந்து, துண்டு போட்டு, கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றார்கள். வாங்கினவர்களில் அரசாங்க அதிகாரிகளும் இருந்தார்கள். சட்டம் எழுதின கையும், விற்ற கையும், வாங்கின கையும் ஒரே வட்டத்துக்குள்தான். அளவையில் பிழை இருந்திருக்கத் தேவையில்லை. சங்கிலி சரியாகத்தான் அளந்திருக்கும்.

இதுக்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் எங்களைப் போட்டு வதைக்கிறது. 1863இல் காணிப் பதிவுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அந்த முறையை இன்றுவரை கொண்டுவந்திருக்கிறது. பெயரைக் கவனியுங்கோ: ஆவணப் பதிவு. அங்கே பதியப்படுவது உறுதி, காணி அல்ல. விற்கிறவருக்கு உண்மையில் அந்தக் காணி சொந்தமா என்று பதிவகம் உத்தரவாதம் தருவதில்லை. நொத்தாரிசு முடித்த உறுதி வந்தால் அதற்குரிய பக்கத்தில் ஏறும். படம் ஒரு திணைக்களத்தில், அல்லது ஒரு சேவையரின் அலுமாரியில். உறுதி இன்னொரு இடத்தில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

கள்ள உறுதி பிறக்கிறது இந்த இடைவெளியில்தான். சொந்தக்காரர் கனடாவில், காணி பற்றை பிடித்துக் கிடக்குது. ஆராவது ஒருத்தர் அவராக நடிச்சுக் கையெழுத்து வைத்தால் போதும். நாலெல்லையை எழுத்தில் கொஞ்சம் மாற்றினால் அது புதுக்காணி மாதிரி இன்னொரு பக்கத்தில் ஏறிவிடும். ஒரே நிலத்துக்கு இரண்டு உறுதி, இரண்டு வாரிசு, இருபது வருச வழக்கு. பழைய உறுதி தேடித்தர, கடிதம் ஒன்று கெதியாகத் தர, கண்டும் காணாமல் இருக்க என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘சந்தோசம்’ கேட்கப்படுவது எல்லாருக்கும் தெரிந்ததே.

1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் இதைத்தான் திருத்தப் பார்த்தது. 2007 முதல் ‘பிம்சவிய’ என்ற பெயரில் ஊர் ஊராக நடக்கிறது. அரச நில அளவையாளர் காசு வாங்காமல் அளப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் படத்தில் ஒரு இலக்கம். உரிமை கோருபவர்களை விசாரித்து, அந்த இலக்கத்துக்கு எதிரே பெயர் எழுதப்படும். அதன் பிறகு பழைய உறுதிக்கட்டைத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை, பதிவேடுதான் உரித்து. படத்தில் இல்லாத துண்டை விற்க ஏலாது. ஒரு துண்டை இரண்டு தரம் விற்கவும் ஏலாது. கள்ள உறுதிக்காரனுக்கு இது பெரிய அடிதான்.

ஆனால் வேலை மெதுவாகப் போகிறது. தனியார் காணிகளில் பெரும்பகுதி இன்னும் பழைய முறையில்தான். அதைவிட எனக்குப் பயமான விசயம் ஒன்று இருக்கு. இந்த முறையில் முதற்பதிவுதான் எல்லாம். அந்த நாளில் ஊரில் இல்லாதவன், உறுதி எரிந்துபோனவள், பெயர் எழுதப்படாத பங்காளி எல்லாருக்கும் பிறகு கதவைத் திறப்பது மிகக் கடினம். ஆக, முன்பு இருபது இடத்தில் சிதறிக் கிடந்த லஞ்சத்துக்கு இனி முதற்பதிவு என்ற ஒரே இடம்தான் குறி.

கர்நாடகாவில் ‘பூமி’ திட்டத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ இரண்டு கோடி காணிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். கிராமக் கணக்கரைக் கெஞ்சி, கையூட்டுக் கொடுத்து வாங்கின பிரதி 15 ரூபாவுக்குக் கிடைத்தது. உலகமே பாராட்டியது. 2007இல் சொலமன் பெஞ்சமினும் அவரோடு சேர்ந்தவர்களும் பெங்களூரைச் சுற்றிய பகுதிகளை ஆராய்ந்துவிட்டு வேறு கதை சொன்னார்கள்: ஊழல் மேல்மட்டத்துக்குப் போய்விட்டது, பதிவுகள் ஓரிடத்தில் குவிந்ததால் பெரிய காணி வாங்குபவர்களுக்குத்தான் வசதி, சிறு விவசாயி பேசிச் சமாளிக்கிற உள்ளூர் இடம் இல்லாமல் போனது.

ருவண்டாவை எனக்குப் பிடிக்கும், ஒரு காரணத்துக்காக. இனப்படுகொலையிலிருந்து எழுந்த அந்த நாடு 2009க்கும் 2013க்கும் இடையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட துண்டுகளைக் குறித்து முடித்தது. மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தந்த இடத்துப் பொடியள், பெட்டையளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தக்காரரும் பக்கத்துக் காணிக்காரரும் எல்லையில் நிற்க, எல்லார் கண்ணுக்கும் முன்னால் பேனையால் கோடு போட்டார்கள். சென்ரிமீற்றர் துல்லியம் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை ஊரே பார்த்தது. அங்கேயும் குறை இருந்தது: சட்டப்படி மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்த பெண்கள் பலரின் பெயர் விடுபட்டது.

இங்கே 2025 மார்ச் 28இல் ஒரு வர்த்தமானி வந்ததே, ஞாபகம் இருக்கா? காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் மட்டும் 3,669. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகலாம். பல முறை இடம்பெயர்ந்து, உறுதியைத் தொலைத்து, பாதிச் சனம் கடல் கடந்த மாகாணத்துக்கு மூன்று மாதம்! எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் யூன் மாதக் கடைசியில் இடைக்காலத் தடை விதித்தது. 1840இல் மலைநாட்டுக் கிராமத்தவரிடம் கேட்டது மாதிரித்தான் இதுவும்: எழுத்து எங்கே?

எங்கட அம்மம்மாவின்ர உறுதி தப்பினது பொலித்தீன் பையால். போன விடுமுறைக்குப் போனபோது போனில் செய்மதிப் படத்தைத் திறந்து, மேற்குப் பக்கத்துக் காணி அண்ணையோடு சேர்ந்து எல்லை தேடினேன். கூரை தெரிஞ்சது, பனை தெரிஞ்சது, கிணறும் தெரிஞ்சது. கிணறு எங்கட பக்கம் எண்டேன். “இல்லைத் தம்பி, அது பங்குக் கிணறு” எண்டார் அவர். உறுதியை விரிச்சு வாசிச்சம். கடைசி வரியில் இருந்தது: கிணற்றில் அரைப்பங்கும், போக்குவரத்துப் பாதையும், நீர் பாய்ச்சும் வாய்க்கால் உரிமையும். போனில் அந்தக் கிணறு ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி.