ஒரு தரம், இரண்டு தரம்... – பழைய கார் ஏலங்களும் வணிகர் நினைவுகளும்

ஏலம் என்றால் நம் பழைய நூல்களில் ஏலக்காய்தான். பொருளைப் பலர் முன்னிலையில் கூவி விற்பதைக் குறிக்கும் ஏலம் கடல் கடந்து வந்த சொல். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து இது பிறந்தது என்பர். அச்சொல்லின் வேர் அரபு மொழியில் 'அறிவிப்பு' என்னும் பொருளுடையது. மலையாளத்தில் லேலம், இந்தியில் நீலாம், தெலுங்கில் வேலம் என்று இது ஊருக்கொரு வேடம் புனைந்திருக்கிறது. இவற்றுள் நமக்குச் சுவையாகத் தோன்றுவது தெலுங்கு வழக்கே. அங்கே ஏலத்திற்கு 'வேலம் பாட்ட' என்று பெயர். விலை கூறுவதைப் பாடுதல் என்கிறார்கள். தமிழன் ஏலம் 'கேட்கிறான்', தெலுங்கன் ஏலம் 'பாடுகிறான்'.

இவ்விரண்டும் ஒரே மைதானத்தில் ஒலித்த ஊர் திருத்தணி. சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வரைபடத்தில் கோடு மாறினாலும் சந்தையில் மொழி மாறவில்லை. 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவுபவர், எதிரே நகரிக்காரர் நின்றால் 'ஒகடோசாரி, ரெண்டோசாரி' என்றும் சேர்த்துக் கூவுவார் என்று இவ்வூர்ப் பழைய கார் வணிகர்கள் சொல்லக் கேட்டோம்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த ஒரு மாலையில் அவர்கள் மூவரோடு அமர்ந்து பேசும் வாய்ப்புக் கிடைத்தது. மூவரும் எழுபதைக் கடந்தவர்கள். தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, திருப்பதி சாலையோரத் தேநீர்க் கடையில் நாளும் கூடுகிறவர்கள். அவர்களுடைய நினைவுகளை அப்படியே ஏற்பது வரலாறு ஆகாது. ஏட்டில் உள்ள செய்திகளோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் மதிப்பும் குறையும் விளங்கும்.

முதலில் ஏட்டுச் செய்தி. நம் நாட்டில் ஏல வண்டிகள் பெருந்தொகையாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். படைகள் விட்டுச்சென்ற ஜீப்புகளும் லாரிகளும் 1945க்குப் பின் 'டிஸ்போசல்' என்ற பெயரில் விற்கப்பட்டன. ஒரு டிஸ்போசல் லாரியை வாங்கிப் போக்குவரத்துத் தொழிலில் இறங்கியவர்கள் பலர். விடுதலைக்குப் பின் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி ஏறத்தாழ நின்றது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அம்பாசடர், பம்பாயில் தயாரான பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு என மூன்றே வகைகள் நாட்டை ஆண்டன. 1959ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை, புதிய காரை யார் எவ்வரிசையில் பெறுவது என்பதையே அரசின் கையில் வைத்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள். ஆகவே ஒரு விந்தை நிகழ்ந்தது. காத்திருக்க மனமில்லாதவர், கட்டுப்பாட்டு விலையுள்ள புதிய காரைவிடக் கூடுதலாகக் கொடுத்து, ஓடிய காரை வாங்கினார்.

பழைய கார் வணிகரின் பொற்காலம் அதுவே. தூதரகத்தினர் விட்டுச்செல்லும் வெளிநாட்டுக் கார்களை 1956இல் தோன்றிய அரசு வணிகக் கழகம் பெற்று விற்றது. திரை நட்சத்திரங்களும் செல்வரும் அவற்றுக்குப் போட்டியிட்டனர். சிற்றூர் வணிகருக்கு அந்த உலகம் எட்டாதது. அவர்களுக்கு எட்டியவை சென்னைப் புதுப்பேட்டையும், மாவட்டத் தலைநகர்களில் நடந்த அரசு வாகன ஏலங்களுமே.

அரசு வாகனம் ஓடி ஓய்ந்தால் அதற்கு ஒரு சடங்கு உண்டு. அரசு தானியங்கிப் பணிமனைப் பொறியாளர் பார்வையிட்டு, இனிப் பழுதுபார்ப்பது வீண்செலவு என்று சான்றளிப்பார். 'கண்டெம்' என்ற அந்த ஆங்கில வழக்கு மக்கள் நாவில் 'கண்டம்' ஆயிற்று. உயிருக்குக் கண்டம் என்பதுபோல் வண்டிக்கும் கண்டம்! குறைந்தபட்ச விலை குறிக்கப்படும். அதை 'அப்செட் விலை' என்பர். அலுவலக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படும். ஏலம் கேட்க விரும்புவோர் டேவணித் தொகை கட்டவேண்டும். குறித்த நாளில் வேப்பமரத்தடியில் மேசை போடப்படும். மூன்றாம் தரம் சொல்லி மேசையைத் தட்டினால் வண்டி கைமாறிற்று.

அந்தக் காட்சியை விவரிக்கையில் மூவரின் முகமும் மலர்ந்தது. வண்டியை ஓட்டிப் பார்க்க அனுமதியில்லை. இயந்திரத்தை இயக்கிக் காட்டவும் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். எனவே மற்ற புலன்களே துணை. "வண்டிய கண்ணால பாத்தா பத்தாது சார், மூக்கால பாக்கணும்" என்றார் மூவரில் மூத்தவர். எண்ணெய் அளவுகோலை உருவி முகர்ந்தால் கருகல் வாடை இயந்திரத்தின் வயதைச் சொல்லும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். கதவைத் திறந்து மெல்ல மேலே தூக்கினால் கீலின் தேய்மானம் தெரியும். மிதியடிக் கட்டையின் ரப்பர் தேய்ந்திருக்க, தூர அளவி மட்டும் குறைவாகக் காட்டினால், அதைத் திருப்பியவன் கை இருக்கிறது. அதைக் கேட்டிருந்தபோது, நோயாளியின் நாடி பார்க்கும் சித்த மருத்துவர்தான் நம் நினைவுக்கு வந்தார்.

எல்லை ஊருக்கு இன்னொரு வரவும் இருந்தது. மதுவிலக்குச் சட்டம் 1937இல் சேலத்தில் தொடங்கி, 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகியது. ஆந்திரத்திலோ 1995 முதல் 1997 வரை முழு மதுவிலக்கு. ஒரு பக்கம் வறண்டு மறுபக்கம் நனைந்திருந்தால் எல்லையில் கடத்தல் நடக்காமல் இராது. பிடிபட்ட வண்டிகள் பறிமுதலாகிக் காவல்துறை வளாகங்களில் துருப்பிடித்து நின்று, பின்னர்ப் பொது ஏலத்துக்கு வந்தன. பொன்பாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்த வண்டிகளில் சில, இருக்கைக்கு அடியில் வெட்டி ஒட்டிய இரகசிய அறையுடன் கிடைக்குமாம். அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆந்திரப் பதிவெண் கொண்ட வண்டியானால் தடையின்மைச் சான்று, வரி, மறுபதிவு என அலைச்சல் உண்டு. அதனால் கேள்வி குறைவு, விலையும் குறைவு. அந்த அலைச்சலைத் தாங்கத் தெரிந்தவனுக்கே அதில் இலாபம்.

இதுவரை கேட்டவர்க்கு அக்கால ஏலம் ஒரு திருவிழா என்றே தோன்றும். நமக்கும் அப்படியே தோன்றிக்கொண்டிருந்தது. பிறகுதான் பேச்சு 'சிண்டிகேட்'டுக்குத் திரும்பிற்று.

ஏலத்துக்கு வருமுன் வணிகர்கள் தமக்குள் கூடிப் பேசிக்கொள்வர். ஒருவர் மட்டும் அப்செட் விலைக்குச் சற்று மேலே கேட்பார். மற்றவர்கள் வாய்மூடி நிற்பர். மேசை தட்டியாயிற்று, அரசுப் பணம் கட்டியாயிற்று என்றபின், அதே வண்டிக்கு அவர்களுக்குள் இரண்டாவது ஏலம் நடக்கும். அதுவே மெய்யான ஏலம். அதில் ஏறிய தொகைக்கும் அரசுக்குப் போன தொகைக்கும் உள்ள வேறுபாடு, வாய்மூடி நின்றவர்களுக்குப் பங்காகும். இது நம் ஊருக்கே உரிய தந்திரமன்று. இங்கிலாந்தில் இதை ஒடுக்க 1927இலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கூட்டுச்சேர்ந்து விலை கேட்பதைத் தடை செய்தது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே மாதத்தில்.

"வெளியாளு எவனாவது வந்துட்டா?" என்று கேட்டோம்.

"டீ செலவுக்குக் குடுத்து அனுப்பிடுவோம் சார்" என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலையசைத்தனர். அதில் மறைப்பும் இல்லை, வெட்கமும் இல்லை.

அந்த 'டீ செலவு' எம் வீட்டுக்கும் ஒருமுறை வந்ததுண்டு. எம் தந்தையார் வேறொரு மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஓட்டுநராக இருந்தார். பதினோரு ஆண்டுகள் அவர் ஓட்டிய ஜீப் 1993இல் கண்டம் செய்யப்பட்டது. அதன் ஒவ்வொரு திருகும் அவருக்குத் தெரியும். ஓய்வுக்குப் பின் வாடகைக்கு ஓட்டலாம் என்று எண்ணி, அம்மாவின் வளையல்களை அடகு வைத்துப் பணம் திரட்டி ஏலத்துக்குப் போனார். மைதானத்து வாயிலிலேயே ஒருவர் தோளில் கைபோட்டு அழைத்துச் சென்றார். நீ கேட்டால் உன்னால் முடியாத விலைக்கு ஏற்றிவிடுவோம், ஒதுங்கிக்கொண்டால் உனக்கும் நல்லது என்று சொல்லிச் சட்டைப் பையில் இருநூறு ரூபாயைத் திணித்தார். ஜீப் அப்செட் விலையை ஒட்டியே போயிற்று. அந்த விலையைவிட அதிகமாகவே அப்பாவின் கையில் பணம் இருந்தது. அன்று மாலை அவர் வளையல்களை மீட்டுக்கொண்டு வந்தார். அந்த இருநூறு ரூபாய் பல மாதங்கள் சாமிப் படத்தின் பின்னால் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

திருத்தணி முதியவர்களிடம் இதை நாம் சொல்லவில்லை. அவர்கள் அந்த மைதானத்தில் இருந்தவர்கள் அல்லர். அவர்கள்மீது நமக்குச் சினமும் இல்லை. காரை முகர்ந்தே நோய் சொல்லும் கலையும் அவர்களுடையதே, வாயிலில் தோள்மேல் விழும் கையும் அவர்கள் தொழிலினுடையதே. முன்னதை மட்டும் எழுதினால் அது புகழ்ச்சி. பின்னதை மட்டும் எழுதினால் குற்றப்பத்திரிகை.

இன்று நிலைமை வேறு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, பழைய காருக்கு இருந்த தட்டுப்பாட்டு மதிப்பை மெல்ல மெல்லக் கரைத்தது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. நிதி நிறுவனங்கள் கைப்பற்றும் வண்டிகளும், அரசு கழிக்கும் பொருள்களும் இணைய ஏலத்துக்குப் பெருமளவு போய்விட்டன. மூன்றாம் தரம் சொல்வதற்குப் பதில் திரையில் வினாடிகள் குறைகின்றன. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை நீக்கி, பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்கு அனுப்பும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பறிமுதல் வண்டிகளுக்கு மட்டும் ஆயுதப்படை மைதானங்களில் கூவும் குரல் இன்னும் கேட்கிறது.

திரையில் யார் தோளிலும் யாரும் கைபோட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் எம் தந்தையாரைப் போன்ற ஓட்டுநர் ஒருவருக்கு, தாம் ஓட்டிய வண்டியையே கேட்டு வாங்கலாம் என்ற அந்த ஒற்றை நம்பிக்கையும் இன்று இல்லை. அது நேரே உடைப்பு நிலையத்துக்குப் போகிறது. அவர் இப்போது இருந்திருந்தால் இவற்றில் எதை விரும்பியிருப்பார் என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

விடைபெறும்போது மூத்தவர் கேட்டார்: "நீங்க வண்டி வச்சிருக்கீங்களா சார்?" பேருந்தில் வந்தோம் என்றோம். "எப்ப வாங்கினாலும் சொல்லுங்க, நான் வந்து மோந்து பாத்துத் தரேன்" என்றார். வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.