வேலியும் விளைநிலமும்: குவேக்கர் சமூகத்தின் மறுமலர்ச்சி

1858ஆம் ஆண்டில், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் இங்கிலாந்தில் கட்டுரைப் போட்டியொன்றை அறிவித்தார். நண்பர் சங்கம் என முறைப்படியும் குவேக்கர் என வழக்கிலும் அறியப்பட்ட சமயக் குழு ஏன் நலிந்து வருகின்றது என்பதே பொருள். முதற்பரிசு நூறு கினி. கட்டுரைகளை மதிப்பிட்டோர் குவேக்கர் அல்லாதோர். பரிசு பெற்றவரோ அச்சங்கத்திலேயே பிறந்து வளர்ந்த யோர்க் நகரத்து இளைஞர், ஜோன் ஸ்ரீபன்சன் றவுண்றி. அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயதளவே இருக்கும்.

சங்கத்தை நலிவித்தது வெளிப்பகையன்று, அதன் ஒழுங்குவிதிகளே என்பது அவர் கண்ட முடிபுகளுள் தலையாயது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோர்ஜ் பொக்ஸ் முதலியோர் தொடக்கிய இவ்வியக்கம், மனிதர் எவருள்ளும் இறையொளி உண்டு என்ற நம்பிக்கையில், குருமாரும் சடங்குகளுமின்றி எழுந்தது. சிறைவாசமும் சொத்துப் பறிமுதலும் மிக்கிருந்த காலத்திலேதான் அது வளர்ந்தது. 1680 அளவில் 60,000 பேர்வரை இருந்தனர் என்பது மதிப்பீடு. 1689இன் சகிப்புச் சட்டம் துன்புறுத்தலைத் தணித்த பின்னரே தேய்வு தொடங்கியது என்பது நோக்கற்பாலது. 1860ஐ அடுத்த ஆண்டுகளில் பிரித்தானியாவில் எஞ்சியோர் ஏறத்தாழ 14,000 பேரே. நாட்டின் சனத்தொகையோ இக்காலத்தில் மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தது.

உலகப்பற்றினின்றும் உறுப்பினரைக் காக்க இடப்பட்ட வேலி, பயிரையே மேயத் தொடங்கியிருந்தது. சங்கத்துக்கு வெளியே மணம் செய்தோர் நீக்கப்பட்டனர். ஆலயத்தில் குருவானவர் முன்னிலையில் மணமுடித்தோரும், வணிகத்தில் நொடித்துக் கடனடைக்க இயலாது போனோரும் அவ்வாறே நீக்கப்பட்டனர். சிறு ஊர்களில் உறவினரல்லாத குவேக்கர் மணத்துணை கிடைப்பது அரிது. இந்நிலையில் இவ்விதி இளைஞரை ஆண்டுதோறும் வெளியேற்றும் பொறியாயிற்று. நீக்கப்பட்டவருட் பலர் தொடர்ந்தும் வழிபாட்டுக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்தனர் என்பதை எண்ணும்போதே இவ்விதியின் கொடுமை புலனாகும். 1859, 1860ஆம் ஆண்டுகளில் லண்டன் வருடாந்தக் கூட்டம் திருமண விதியைத் தளர்த்தியது. திருமணச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. தனித்துவமான உடையும் பேச்சும் கட்டாயமல்ல என்ற நிலையும் அக்காலத்தே ஏற்பட்டது.

விதி மாறியது, மனப்பாங்கு அத்துணை விரைவில் மாறவில்லை. ஜோசப் ஸ்ரேர்ஜ் 1845இல் பேர்மிங்காமில் தொடக்கிய வளர்ந்தோர் பள்ளி இதற்கு நல்ல சான்று. ஞாயிறு காலைகளில் தொழிலாளர்க்கு எழுத்தும் வாசிப்பும் கற்பித்த இப்பள்ளிகள் வேறு நகரங்களிலும் பரவிப் பல்லாயிரவரை ஈர்த்தன. ஆயினும் அவர்களுட் சங்க உறுப்பினராயினோர் சிலரே. கற்பிக்க முன்வந்த கைகள், அருகில் அமரச் செய்யத் தயங்கின. தொழிலாளர்க்குப் பாடலும் பிரசங்கமும் கூடிய மாலைக் கூட்டம். வணிகக் குடும்பங்களுக்கு மௌன வழிபாடு. தொண்டு வேறு, தோழமை வேறு என்பதை இவ்வரலாறு போல் தெளிவாகக் காட்டுவது அரிது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாக வெளிப்பட்டது. அடிமைமுறைக்கெதிரான விண்ணப்பத்தை 1688இலேயே ஜேர்மன்ரவுணில் எழுதியோரும், அடிமைகளை வைத்திருப்பதை உறுப்பினர்க்கு 1776இல் தடைசெய்தோரும் பிலடெல்பியாப் பகுதிக் குவேக்கரே. எனினும் அதே நகரின் ஆர்ச் வீதி வழிபாட்டு மண்டபத்தில் கறுப்பினத்தவர்க்கெனத் தனி வாங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆசிரியையான சேரா மப்ஸ் டக்ளஸ் தம் தாயுடன் அவ்வாங்கில் அமர்ந்தவர். அந்த அனுபவத்தை 1830களிற் கடிதங்களில் பதிவுசெய்தார். விடுதலைக்கு வாதாடிய சமூகம் சமவிருக்கை தர மறுத்தமைக்கு அக்கடிதங்களே சாட்சி.

கருத்துலகில் மாற்றம் 1895இல் மன்செஸ்ரரில் நடைபெற்ற மகாநாட்டோடு முனைப்புற்றது. டார்வினின் கொள்கையும் விவிலியத் திறனாய்வும் கற்ற இளைஞர், முதியோரின் பழைய போதனையில் நிறைவு காணவில்லை. அவர்கள் குரலாக எழுந்தவர் முன்னர்க் கூறிய றவுண்றியின் சகோதரர் மகனாகிய ஜோன் வில்ஹெல்ம் றவுண்றி. பார்வை மங்கிவந்த நிலையிலும் அவர் ஓயவில்லை. 1897இல் ஸ்காபரோவில் கோடைகாலப் பள்ளி நடந்தது. அவ்வாண்டே சுவிற்சர்லாந்தில் அமெரிக்க அறிஞர் றூபஸ் ஜோன்சைச் சந்தித்து, குவேக்கர் வரலாற்றை முழுமையாக எழுதும் திட்டத்தை வகுத்தார். 1905இல், முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தபின் ஜோன்சும் டபிள்யூ. சி. பிறெயித்வெயிற்றும் அப்பணியை நிறைவேற்றினர். இதற்கிடையே 1896இல் பெண்கள் வருடாந்தக் கூட்டத்தின் முழு உறுப்பினராயினர். 1903இல் ஜோர்ஜ் கட்பரியின் இல்லத்தில் வுட்புறூக் கல்வி நிலையம் உருவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியச் சங்கம் வேறொரு குறையை உணர்ந்தது. பிறரை மதம் மாற்ற முனைவதில்லை என்ற நாணம், தம்மைப் பற்றி ஒன்றுமே கூறாத ஒதுக்கமாக மாறியிருந்தது. 2002இல் லண்டனில் தொடங்கிய 'குவேக்கர் குவெஸ்ற்' கூட்டங்கள் இம்மௌனத்தைக் கலைத்தன. வருவோர் முன் உறுப்பினர் தத்தம் அனுபவத்தை வெளிப்படையாகப் பேசினர். 2009இல் யோர்க் நகரிற் கூடிய வருடாந்தக் கூட்டம் ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஏனைய திருமணங்களோடு சமமாக ஏற்றது. மணத்தின் பெயரால் வெளியேற்றிய சங்கம் ஒன்றரை நூற்றாண்டின் பின் மணத்தின் பெயராலேயே கதவைத் திறந்தது. 2021இல் இனவாத எதிர்ப்பைத் தன் கடப்பாடாகவும் அது அறிவித்தது. எனினும் உறுப்பினர் தொகை குறைந்தே வந்தது. வுட்புறூக் 2023இல் தன் பழைய கட்டடத்தைக் கைவிட்டு, இணையவழியிலும் பிறவிடங்களிலும் கற்பிக்கலாயிற்று.

அமெரிக்காவில் இதே வினா பிளவை விளைவித்தது. ஒரே பாலினத்தவரை ஏற்பது குறித்த முரண்பாட்டினால் இந்தியானா வருடாந்தக் கூட்டம் 2013இல் பிரிந்தது. ஒருவரை உள்ளே அழைத்தல் மற்றொருவர் வெளியேறக் காரணமாகலாம் என்பதை இங்கிலாந்தின் அனுபவம் மட்டும் கொண்டு அறிய இயலாது.

மேலும், இச்சமூகத்தின் பெருந்தொகையினர் இன்று ஆங்கிலேயருமல்லர், மௌன வழிபாட்டினருமல்லர். 1902இல் அமெரிக்க மிஷனரிமார் மூவர் கென்யாவின் கைமோசியில் அமைத்த நிலையத்திலிருந்து வளர்ந்த சபைகள், போதகரும் பாடலும் கொண்டவை. உலகில் வேறெந்த நாட்டையும்விடக் கென்யாவிலேயே குவேக்கர் மிகுதி. 2012இல் குவேக்கரின் உலக மகாநாடு அந்நாட்டின் கபராக் பல்கலைக்கழகத்திலேயே கூடியது. லண்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் சென்றோர் அங்கே விருந்தினராக அமர்ந்திருந்தனர்.