செம்மறிப் பட்டியில் குட்டிகள் ஒரே காலத்தில் பிறக்க என்ன செய்யலாம்?

தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய கம்பங்களிலும் இருபது, முப்பது செம்மறி ஆடுகள் வளர்ப்போர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. கிடாய் ஆண்டு முழுவதும் பெட்டைகளோடுதான் திரியும். நம் நாட்டில் பகல் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், இங்குள்ள செம்மறிகள் எந்த மாதத்திலும் சினை பிடிக்கும். அதனால் குட்டிகளும் விட்டு விட்டுப் பிறந்துகொண்டே இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வியாபாரி வந்து ஒரே அளவில் பத்து ஆடு கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். பட்டியில் மூன்றோ நான்கோ தேறும். மற்றவை இன்னும் வளர்ந்திருக்காது; சில பால்குடி மறந்திருக்காது.

குர்பானுக்குச் செம்மறி ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது ஆறு மாதம் கடந்து முன்பல் விழுந்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்கு இரண்டு வயது. செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். வளரும் காலம் ஓராண்டு, சினைக்காலம் ஐந்து மாதம், ஆயத்தத்துக்கு ஒன்றிரண்டு மாதம் என்று கூட்டினால், வேலையை ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். பெருநாளும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டிருப்பதை மறக்கக்கூடாது.

எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஓர் எண்தான். சினை பிடிக்காத பெட்டைச் செம்மறி 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வெள்ளாடு என்றால் 21 நாள்.

ஆகவே, அதிகச் செலவில்லாத வழி கிடாயைப் பிரித்து வைப்பதுதான். குட்டிகளை ஒரே நேரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, குறித்த நாளில் கிடாயைப் பெட்டைகளோடு சேர்த்து, 35 நாள் கழித்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பெட்டைக்கும் இரண்டு வாய்ப்பு கிடைத்துவிடும். குட்டிகளும் பின்னர் ஐந்தாறு வாரத்துக்குள் பிறந்து முடியும். சிறு பட்டிக்குப் பெரும்பாலும் இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் இதற்குத் தனி அடைப்பு வேண்டும், அது உறுதியாகவும் இருக்க வேண்டும்.

கிடாயின் நெஞ்சில் சாயம் பூசிவிட்டால் பாதிக் கணக்கு தானாக எழுதப்பட்டுவிடும். சாயப் பொடியைச் சமையல் எண்ணெயில் குழைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை பூசலாம்; இதற்கென விற்கும் வார்ப்பட்டையும் உண்டு. முதல் 17 நாள் மஞ்சள், அடுத்து சிவப்பு என வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். மஞ்சள் மட்டும் பட்ட பெட்டை முதலில் ஈனும். மஞ்சளின் மேல் சிவப்பும் பட்டிருந்தால் முதல் முறை சினை பிடிக்கவில்லை என்று பொருள். ஏறக்குறைய எல்லாப் பெட்டைகளிலும் இரண்டு நிறமும் இருந்தால் குறை கிடாயிடம் இருக்கலாம். உடனே வேறு கிடாய் பார்க்க வேண்டும். சாயம் பூசாதவருக்கு இது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

அடுத்தது கிடாய் வாடையைப் பயன்படுத்துவது. ஒரு மாதமாவது கிடாயைப் பார்க்காமல், அதன் குரல் கேட்காமல், வாடை படாமல் இருந்த பெட்டைகளிடையே பழக்கமில்லாத கிடாயை விட்டால், பருவத்துக்கு வராமலிருந்தவை இரண்டு மூன்று நாளில் கருமுட்டை விடும். அந்த முதல் தடவை வெளியே தெரியாது. 18 முதல் 25 நாளுக்குள்தான் பருவம் தெரியும். எனவே முதல் இரண்டு வாரம் விந்து நாளம் துண்டிக்கப்பட்ட கிடாயை விட்டு, பிறகு உண்மைக் கிடாயை விடுவார்கள். (ஆண் ஆட்டுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர் தரும் தொல்காப்பியத்தில் இந்தக் கிடாய்க்கு மட்டும் பெயரில்லை.) துண்டித்த பிறகும் விந்து சில வாரம் எஞ்சியிருக்கும் என்பதால், ஆறு வாரம் கழித்தே அதைப் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் பெட்டைகளிடம் இம்முறை பெரிதாக எடுபடாது. பக்கத்து வீட்டுக் கிடாய் வேலி ஓரம் நின்றாலும் பயனில்லை. லயத்து வீடுகளில் இதுதான் பெரிய தடை.

மருந்து முறைகளில் பரவலானது பஞ்சு முறை. புரோஜெஸ்டோஜன் ஊறிய பஞ்சைப் பெட்டையின் பிறப்புறுப்பில் 12 முதல் 14 நாள் வைத்து எடுப்பார்கள். எடுக்கும் நாளில் பிஎம்எஸ்ஜி ஊசி போட்டால், பெரும்பாலானவை அடுத்த இரண்டு நாளில் பருவத்துக்கு வந்துவிடும். சிறு பட்டிக்காரர் இடறுவது இங்கேதான். இருபது பெட்டைகள் ஒரே நாளில் பருவத்துக்கு வந்தால் ஒரு கிடாய் என்ன செய்யும்? பத்துப் பெட்டைக்கு ஒரு கிடாயாவது வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தைந்தாகப் பிரித்து, சில நாள் இடைவெளியில் பஞ்சை எடுக்க வேண்டும். கிடாயை இரவல் வாங்குவோர் முதலில் அதற்கு புருசெல்லோசிஸ் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அந்நோய் மனிதருக்கும் தொற்றும்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசியை 9 முதல் 11 நாள் இடைவெளியில் இருமுறை போடுவது இன்னொரு வழி. சினை ஆட்டுக்குத் தவறிப் போட்டால் கரு கலைந்துவிடும். இந்த மருந்து தோல் வழியாகவும் உடலில் சேரும் என்பதால் கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. பல வீடுகளில் ஆட்டுக் கொட்டகை வேலையைப் பெண்களே பார்க்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஞ்சோ ஊசியோ, எதுவானாலும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

எந்த முறையிலும் மெலிந்த ஆடு சரியாகச் சினை பிடிக்காது. கிடாய் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கூடுதல் தீவனம் தொடங்க வேண்டும். விலை மலிவு என்று செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கையே அள்ளிப் போடுவது ஆபத்து. அதிலுள்ள செம்புச்சத்தை மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, ஆடு சாகும்.

குட்டிகள் ஒன்றாகப் பிறந்தால் ஆபத்தும் ஒன்றாகவே வரும். அடைமழையில் ஈரத் தரையில் பிறந்த குட்டிகளைச் சளிக்காய்ச்சல் வரிசையாகக் கொண்டுபோய்விடும். ஈன்ற தாயிடம் குடற்புழுவும் பெருகும். ஆகவே கிழக்குக் கரையில் இருப்போர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிடாய் சேர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. அந்த மாதங்களில் பிடிக்கும் சினை நவம்பர், டிசம்பர், ஜனவரி மழையில்தான் வந்து விழும்.